பிரசவ அறையில் வந்த நல்ல வழக்கம் நின்றுபோகாமல் இருக்க



உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளை பெற்றுத் திரும்பிய பெண்களிடம் பேசிப் பாருங்கள். "குழந்தை பொறந்த கையோட தொடையில ஒரு ஊசி போட்டாங்க" என்பார்கள். "கொடியை உடனே வெட்டலை, கொஞ்ச நேரம் விட்டுத்தான் வெட்டினாங்க" என்பார்கள். "குளிப்பாட்டவே இல்லை, துடைச்சு அப்படியே என் நெஞ்சு மேல போட்டுட்டாங்க" என்பார்கள். நம் அம்மாயி, அப்பத்தா காலத்தில் இவையெல்லாம் கிடையாது. அதனால் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புதுமையாகவும், சில வேளைகளில் வேண்டாத வேலையாகவும் தோன்றுகிறது.

இவற்றில் எதுவும் ஒரு டாக்டரோ நர்சோ தம் இஷ்டத்துக்குச் செய்வதல்ல. ஆயிரக்கணக்கான தாய்மாரிடம் செய்து பார்த்து, செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டு, பலன் உண்டு என்று தெரிந்த பிறகு வந்த முறைகள். ஆனால் ஒரு முறை நல்லது என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. அது ஒவ்வொரு பிரசவத்திலும், நடுச்சாமத்திலும், கரண்ட் போன நேரத்திலும், பழைய நர்சம்மா மாறுதலாகிப் புது நர்சம்மா வந்த பிறகும் தவறாமல் நடப்பது வேறு வேலை. இந்தப் பிரசுரம் அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது. அதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

முதலில் அந்த ஊசியைப் பற்றிச் சொல்லுகிறேன். கர்ப்பப்பை என்பது ஒரு தசைப் பை. நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும். குழந்தை பிறந்து நஞ்சு பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் வாய் திறந்து நிற்கின்றன. கர்ப்பப்பை இறுகிச் சுருங்கினால் அந்தக் குழாய்கள் நெருக்கப்பட்டு அடைபடும். சுருங்காமல் தொளதொளவென்று இருந்தால் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி இரத்தம் கொட்டும். நல்ல திடமான பெண் கூட இரண்டு மணி நேரத்துக்குள் உயிரை இழக்க நேரிடும். இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அவ்வளவு நேரமும் இல்லை. 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இரத்தசோகை இருந்தது.

குழந்தை பிறந்து, வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு நிமிடத்துக்குள் தொடையில் போடும் ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்கிறது. இரத்தம் போன பிறகு போடுவதல்ல, போகாமல் இருக்கப் போடுவது. ஆகையால் "எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே, எதுக்கு ஊசி?" என்று மறுக்காதீர்கள். இந்த மருந்தைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மேசைமேல் கிடந்த மருந்து வீரியம் குறைந்துபோகும். ஊசி போட்ட கணக்கு இருக்கும், பலன் இராது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதே மருந்தைக் குழந்தை பிறப்பதற்கு முன்னால், "வலி சீக்கிரம் வரட்டும், ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று உறவினர் நெருக்குவதால் போடுவது பெரும் ஆபத்து. கர்ப்பப்பை கிழியலாம், குழந்தைக்கு மூச்சுத் திணறலாம். பிரசவத்துக்கு முன் அது தேவையா என்று முடிவு செய்வதும், அளந்து சொட்டுச் சொட்டாக ஏற்றுவதும், பக்கத்தில் இருந்து கவனிப்பதும் டாக்டரின் பொறுப்பு. நாம் கேட்டு வாங்கும் பொருளல்ல அது.

கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்து வெட்டுவது ஏன் என்றால், நஞ்சில் மிச்சமிருக்கும் குழந்தையின் சொந்த இரத்தம் அதன் உடலுக்குப் போய்ச் சேரத்தான். பின்னால் சில மாதங்களுக்கு வேண்டிய இரும்புச் சத்து அதில் இருக்கிறது. நெஞ்சுமேல் போடுவது சூட்டுக்காகவும் சீம்பாலுக்காகவும். குளிப்பாட்டுவதைக் குறைந்தது ஒரு நாள் தள்ளிப் போடலாம். அதற்குள் ஒன்றும் குடி முழுகாது.

சரி, இவ்வளவு தெளிவாகத் தெரிந்த முறை ஏன் நின்றுபோகிறது?

பழைய கதை ஒன்று உண்டு. 1847ஆம் ஆண்டு ஐரோப்பாவில் வியன்னா நகரப் பெரிய ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் இருந்தார். அவருடைய பிரசவ வார்டில் அந்த ஏப்ரல் மாதம் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார் பிரசவச் சுரத்தில் இறந்தார்கள். பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று அவர் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவ வேண்டும் என்று உத்தரவு போட்டார். சில மாதங்களில் சாவு நூற்றுக்கு இரண்டு அளவுக்கு வந்துவிட்டது. இதைவிடக் கண்கூடான சான்று வேண்டுமா? ஆனாலும் மேலிருந்தவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. 1849இல் அவருக்கு வேலை நீட்டிப்புக் கிடைக்கவில்லை. மற்ற ஆஸ்பத்திரிகள் கை கழுவக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. 1865இல் அவர் மனநோய் இல்லத்தில் இறந்தார்.

அது அயல்நாடு, அந்தக் காலம் என்று தள்ளிவிட வேண்டாம். நம் நாட்டிலேயே, உத்தரப் பிரதேசத்தில், 2014 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக 120 சுகாதார நிலையங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலைச் சுவரில் ஒட்டி, பாதி நிலையங்களில் எட்டு மாத காலம் பயிற்சியாளர்கள் நேரில் வந்து உடனிருந்து பழக்கினார்கள். பழக்கம் தொடங்கிய இரண்டாவது மாதத்தில், செய்ய வேண்டிய பதினெட்டு முறைகளில் சராசரியாக நூற்றுக்கு 73 பங்கு ஒழுங்காக நடந்தது. பயிற்சி இல்லாத நிலையங்களில் 42 பங்குதான். பயிற்சியாளர் வருவது நின்று நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது 73 என்பது 62 ஆக இறங்கியிருந்தது. கண்ணெதிரே ஆள் இருக்கும்வரை நடந்தது, ஆள் போனதும் வழுக்கத் தொடங்கியது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே முறைகள் கூடினாலும் தாய், சேய் சாவு குறையவில்லை. பட்டியல் மட்டும் போதவில்லை என்பதே அதன் பொருள். மருந்தும், கைத்திறனும், இரத்தமும், நேரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்க்கும் வண்டியும் சேர்ந்து இருந்தால்தான் பட்டியலுக்கு உயிர்.

நான் நேரில் கண்ட ஒன்று. ஊர் பெயர் வேண்டாம். ஒரு சுகாதார நிலையத்தில் மூத்த செவிலியர் ஒருவர் தினமும் காலை வேலைக்கு வந்ததும் முதல் காரியமாக அவசரத் தட்டைப் பார்ப்பார். ஊசி மருந்து இருக்கிறதா, தேதி சரியா, குளிர்பெட்டியின் சூடு எவ்வளவு, ஆக்சிஜன் சிலிண்டரில் காற்று உண்டா. பார்த்து ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்திடுவார். ஐந்து வருடம் அங்கே ஒரு தாய்க்கும் குறை வரவில்லை. அவர் மாறுதலாகிப் போனார். நோட்டு அலமாரிக்குள் போனது. "காணாமப் போயிடக் கூடாது" என்று அவசரத் தட்டையும் அதே அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு, தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்திக்குப் பிரசவமானதும் இரத்தம் கொட்டத் தொடங்கியது. சாவி வைத்திருந்தவர் குவார்ட்டர்ஸில் தூங்கிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் எழுப்பிச் சாவி வாங்கி வருவதற்குள் அந்தப் பெண்ணின் உள்ளங்கை வெளுத்துவிட்டது. 108 வண்டி அருகிலேயே இருந்ததால் அவள் பிழைத்தாள். அவளுடைய மாமியார், "ஒரு சாவிக்காகவா என் மருமவ போயிருப்பா?" என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

அங்கே யாரும் கெட்டவர்கள் அல்ல. பயிற்சி இல்லாதவர்களும் அல்ல. நல்ல பழக்கம் ஒருவருடைய கையில் இருந்தது, நிலையத்தின் பழக்கமாக ஆகவில்லை. அவர் போனதும் அதுவும் அவரோடு பஸ் ஏறிவிட்டது. பின்னர் செய்த சரிக்கட்டு மிகச் சாதாரணம்: தட்டு பூட்டில்லாமல் பிரசவக் கட்டிலின் தலைமாட்டுக்கு வந்தது. ஒரு டூட்டி முடிந்து அடுத்தவர் பொறுப்பேற்கும்போது இருவரும் சேர்ந்து அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று ஆனது. யார் மாறினாலும் நோட்டு மாறாது.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் கொஞ்சம் முன்னே போயிருப்பதற்கு இப்படிப்பட்ட ஏற்பாடுகளே காரணம் என்பது என் எண்ணம். ஒரே நர்சை நம்பாமல் மூன்று செவிலியரைப் போட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தார்கள். மருந்து வாங்கி வழங்க 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. 2008இல் 108 வண்டி வந்தது. தாய் ஒருத்தி இறந்தால் ஏன் இறந்தாள் என்று ஆராய்வதும் பழக்கமாயிற்று. 2001-03இல் ஒரு லட்சம் உயிர்ப் பிரசவத்துக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20இல் அது 54. எந்த ஒரு ஊசியாலும் மட்டும் வந்ததல்ல இது.

அந்த ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. கடவுள் புண்ணியத்தில் உங்கள் வீட்டுக்கு அது வராமல் இருக்கட்டும். ஆனால் உங்கள் தெருவில் அப்படி ஒரு சாவு நேர்ந்தால் சுகாதாரத் துறையினர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். வலி எப்போது வந்தது, எப்போது புறப்பட்டீர்கள், வண்டி எத்தனை மணிக்கு வந்தது, முதலில் எங்கே போனீர்கள், அங்கே என்ன சொன்னார்கள் என்று கேட்பார்கள். துக்க வீட்டில் இது கசப்பாக இருக்கும். சிலர் பயந்து, "எல்லாம் நல்லாத்தான் பாத்தாங்க, எங்க விதி" என்று முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப நடக்கும் விசாரணை அல்ல இது. மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் வைத்துப் பேசி, எங்கே தாமதம், எங்கே குறை என்று கண்டு திருத்துவதற்காக. நீங்கள் உள்ளதைச் சொன்னால் அடுத்த வீட்டுப் பெண் பிழைப்பாள்.

இரத்தத்தின் அளவைப் பற்றியும் இப்போது புதிய பாடம் வந்திருக்கிறது. 500 மில்லிக்கு மேல், அதாவது ஏறத்தாழ இரண்டரை டம்ளர், இரத்தம் போனால் அது எச்சரிக்கை. கண்ணால் பார்த்து மதிப்பிடும்போது அனுபவசாலிகளும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். துணியிலும் தரையிலும் வாளியிலும் பிரிந்து கிடக்கும் இரத்தம் ஏமாற்றும். அதற்காக, தாயின் அடியில் விரிக்கும் அளவுக்கோடிட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று உண்டு. நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில், பெல்காம் ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியார் கிராமப்புறப் பிரசவங்களை ஆராய்ந்தபோது இப்படிப்பட்ட விரிப்பைப் பயன்படுத்தினார்கள். அவர்களுடைய 2006ஆம் ஆண்டு முடிவு: துணை செவிலியர்களே கொடுத்த மிசோபிராஸ்டால் மாத்திரையால் அதிக இரத்தப்போக்கு நூற்றுக்கு 12இலிருந்து 6 அளவுக்குக் குறைந்தது. பிறகு 2023இல் ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில், 80 ஆஸ்பத்திரிகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் பார்த்தார்கள். விரிப்பு வைத்து அளந்து, அளவு தாண்டியதும் வயிற்றைப் பிசைவது, மருந்துகள், குளுக்கோஸ், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் ஒருசேரச் செய்த இடங்களில் கடுமையான இரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் நூற்றுக்கு 60 பங்கு குறைந்தன. கண்ணளவை நம்பிய ஆஸ்பத்திரிகளில் அதிக இரத்தப்போக்கில் பாதியைத்தான் கண்டுபிடித்தார்கள்.

இனி உங்கள் பங்குக்கு வருவோம்.

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2004 முதல் பிரசவ அறையில் ஒரு பெண் துணை உடனிருக்கலாம். இது சலுகையல்ல, திட்டம். தானும் பிள்ளை பெற்ற, பதறாத ஒரு பெண்ணாக இருக்கட்டும்: அம்மா, மாமியார், அக்கா, நாத்தனார் யாராயினும் சரி. முதுகைத் தடவிக் கொடுப்பதும், தண்ணீர் கொடுப்பதும், தைரியம் சொல்வதும்தான் வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். அதோடு அவர் ஒரு சாட்சியும் கூட. ஊசி போட்டார்களா, கை கழுவினார்களா, பிறந்த பிறகு இரண்டு மணி நேரம் யாராவது வந்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஜோடிக் கண் இருந்தாலே வேலை திருத்தமாக நடக்கும். சண்டை போட வேண்டியதில்லை. "ஏங்க அம்மிணி, அந்தத் தொடை ஊசி போட்டாச்சுங்களா?" என்று ஒரு கேள்வி போதும். நல்ல நர்ஸ் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாறாக, அந்தத் துணையே நல்ல வழக்கத்தைக் கெடுப்பதும் உண்டு. இப்படி ஒரு பேச்சு அடிக்கடி நடக்கும்:

"கண்ணு, ரெண்டு சொட்டு சக்கரைத் தண்ணி நாக்குல தொட்டு வெச்சா என்னாயிரும்? எங்க வீட்டுல எல்லாப் புள்ளைக்கும் வெச்சதுதான்."

"வேண்டாங்க பாட்டி. சீம்பால் கொஞ்சமா வந்தாலும் அதுவே போதும். தண்ணி கொடுத்தா புள்ள சப்பறது குறைஞ்சிரும், வயித்தாலயும் போகும்."

"கழுதைப் பாலாச்சும்..."

"அதுவும் வேண்டாங்க."

பாட்டி அந்தப் பக்கம் திரும்பி நர்ஸ் போனதும் கொடுத்துவிடுகிறார். இரண்டு முறை, மூன்று முறை இப்படி நடந்தால் நர்ஸும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிடுகிறார். ஒரு நல்ல வழக்கம் நின்றுபோகும் வழிகளில் இதுவும் ஒன்று, இதற்கு அதிகாரிகளைக் குறை சொல்ல முடியாது. பெரியவர்களுக்கு ஏழாம் மாதத்திலேயே, வளைகாப்புக்கு எல்லோரும் கூடியிருக்கும்போதே சொல்லி வைத்துவிடுங்கள். சொல்ல வேண்டியவர் மருமகள் அல்ல, மகன்.

கணவன்மார்களே, உங்களில் பலர் லாரியிலோ ரிக் வண்டியிலோ மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் இருப்பவர்கள். பிரசவத்துக்கு வந்து சேர முடியாமல் போகலாம். அதனால் ஒன்பதாம் மாதத்துக்கு முன்பே சில காரியங்களைத் தீர்மானித்துவிட்டுப் புறப்படுங்கள்: துணைக்கு யார் போவது, இரவில் 108 வரத் தாமதமானால் யாருடைய வண்டி, உங்கள் மனைவியின் இரத்தப் பிரிவு என்ன, தேவைப்பட்டால் இரத்தம் கொடுக்கச் சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ வரக்கூடிய இரண்டு ஆண்கள் யார். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொன்னால் "வீட்டுக்காரர் வரட்டும்" என்று காத்திருக்காமல் கையெழுத்துப் போட இன்னாருக்கு அதிகாரம் என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். போனில் கேட்டுச் சொல்வதற்குள் போகும் அரைமணி நேரம் சில சமயம் ஒரு உயிரின் விலை.

நல்ல நேரம் பார்த்து ஆபரேஷன் செய்யச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 45 சிசேரியன். இவ்வளவு தேவையா என்று டாக்டர்களே யோசிக்கிறார்கள். தேவையானபோது அது உயிர்காக்கும் வைத்தியம், பஞ்சாங்கத்துக்காகச் செய்தால் தாய்க்கும் அடுத்த பிரசவத்துக்கும் சுமை.

பிரசவம் முடிந்து 48 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் தங்குங்கள். "சுகப்பிரசவம்தானே, ஆடு மாடு காத்துக்கிட்டு இருக்கு" என்று மறுநாளே கிளம்புகிறவர்கள் உண்டு. அந்த 48 மணி நேரத்துக்குள்ளேயே, விருப்பமுள்ளவர்கள் காப்பர்-டி போட்டுக்கொள்ளவும் வசதி உண்டு. அடுத்த கருவுக்கு இரண்டு வருட இடைவெளி வேண்டும் என்பதால் நாங்கள் அதைச் சொல்கிறோம். ஆனால் பிரசவ வலியில் இருக்கும் பெண்ணிடம் தலையாட்டச் சொல்லிப் போடுவது முறையல்ல. கர்ப்ப காலத்திலேயே இருவருக்கும் விளக்கி, அந்தப் பெண் சம்மதித்தால்தான் போட வேண்டும். கேட்காமல் போட்டிருந்தால் மருத்துவ அலுவலரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கினோ துணியோ முழுக்க நனைந்தால், கட்டிகட்டியாக இரத்தம் போனால், தலை சுற்றிக் கண் இருட்டினால், குளிர்சுரம் கண்டால் 108ஐ அழையுங்கள். ஆறு வாரம் வரை இந்தக் கவனம் வேண்டும்.

கடைசியாக, நிலையத்தில் குறை கண்டால் எங்கே சொல்வது? முதலில் மருத்துவ அலுவலரிடம். உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் சொல்லலாம். ஒவ்வொரு நிலையத்துக்கும் நோயாளர் நலச் சங்கம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி பற்றிக் கேட்பது போலவே பிரசவ அறையைப் பற்றியும் கேளுங்கள்: கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஓடுகிறதா, மருந்துக் குளிர்பெட்டிக்கு அந்த இன்வெர்ட்டர் இணைப்பு உண்டா, இரவு டூட்டிக்கு எத்தனை பேர், குழாயில் தண்ணீர் வருகிறதா, அவசரத் தட்டு எங்கே இருக்கிறது. பெண்கள் எழுந்து கேட்டால் இன்னும் நல்லது. பிள்ளை பெற்றவர்கள் அவர்கள்தானே.